முப்பது சொட்டு

சேஷகிரி சொட்டுகளை எண்ணினார். ஒரு நிமிஷத்துக்கு முப்பது. பாக்கெட் கடிகாரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி எண்ணினார். முப்பது. ஒரு சொட்டுக்கூடப் பிசகில்லை.

ஆனால் கட்டிலில் கிடந்த பாமாவின் உதடு வெளுத்துக்கொண்டே போயிற்று.

நாற்பது வயதுக்குள் மைசூர் சர்க்காரின் கணக்குத் தணிக்கையில் சூப்பரின்டென்டென்ட் ஆனவர் சேஷகிரி. ஆபீசில் அவருக்குச் 'சிவப்புப் பென்சில்' என்று பெயர். அவர் நாற்காலியை விட்டு எழுந்தால் போதும், நாலு மேஜை தள்ளி இருக்கும் குமாஸ்தாவுக்கு வேர்க்கும். கூட்டல் சரியாக இருக்கும் இடத்தில் விஷயமும் சரியாக இருக்கும் என்பது அவருடைய பதினெட்டு வருஷத்து நம்பிக்கை. அந்த நம்பிக்கை அன்றைக்கு மத்தியானம் அவர் மனைவியின் உயிரோடு விளையாடிக்கொண்டிருந்தது. அது அவருக்கு இன்னும் தெரியாது.

யுத்த காலம். ஆகஸ்டு மாதத்து மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. தீர்த்தஹள்ளியில் இருக்கும் அக்காவின் பிரசவத்துக்கு ஒத்தாசையாகப் போன பாமா, திரும்பி வரும்போதே குளிரும் காய்ச்சலுமாக வந்து இறங்கினாள். மல்லேஸ்வரத்து டாக்டர் கொடுத்த மிக்ஸ்சரில் காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. அன்று காலை காபி டம்ளரை வாங்கக் கை நீட்டியவள் அப்படியே சாய்ந்தாள். கை கால் இழுத்துக்கொண்டது. அப்புறம் கூப்பிட்டால் பதில் இல்லை. பெட்ரோல் தட்டுப்பாட்டில் அடுப்புக்கரிப் புகையில் ஓடும் ஒரு டாக்ஸியைப் பிடித்து, ஆஸ்டின் டவுனைத் தாண்டி இருந்த மிஷன் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது.

டாக்டர் டோரதி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தார். சுற்றி வளைத்துப் பேசுகிற அம்மாள் இல்லை அவர். மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது, நினைவில்லாதவளுக்கு வாய் வழியாக மருந்து கொடுக்க முடியாது, கொயினா மருந்தைச் சலைனில் கலந்து ரத்தக் குழாய் வழியாக ஏற்ற வேண்டும் என்று நேரடியாகச் சொன்னார்.

"மெதுவா ஏறினா அது மருந்து," என்றார். "வேகமா ஏறினா இதயத்தைப் புடிச்சு நிறுத்திரும். ஏத்தாம விட்டா ராத்திரி தாண்டாது. அதனால எவ்வளவு, எவ்வளவு வேகம், இந்த ரெண்டுலதான் எல்லாம் இருக்கு. யூனிஸ் பாத்துக்குவாங்க."

யூனிஸ் பாத்துக்குவாங்க என்று டாக்டர் சொன்ன விதத்தில் ஒரு நிம்மதி இருந்தது. சேஷகிரிக்கு அந்த நிம்மதி வரவில்லை. அவர் யாரையும் அப்படி எடுத்த எடுப்பில் நம்பிப் பழகியவர் அல்லர்.

சிஸ்டர் யூனிஸ் உயரமாக, எலும்பும் தோலுமாக இருந்தாள். மூக்குக் கண்ணாடியை ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். உள்ளே வந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, அம்மா என்ன எடை என்பதுதான். சேஷகிரி தயாராக இருந்தார். பர்சிலிருந்து சின்ன அட்டை ஒன்றை எடுத்து நீட்டினார். சிட்டி ஸ்டேஷனில் காசு போட்டால் எடை அச்சடித்துத் தரும் இயந்திரத்தின் அட்டை. நூற்றுப் பன்னிரண்டு பவுண்டு, அதாவது சரியாக எட்டு ஸ்டோன்.

"இது எப்ப எடுத்தது சார்?"

"போன தீபாவளிக்கு."

"தீபாவளிக்கு வெடிச்ச வெடி இன்னிக்குக் கேக்குமா?" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

வார்டு ஆயா ஃபாத்திமா வந்தாள். ஆள் நல்ல வாட்டசாட்டம். பாமாவைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு எடை மேடையில் ஏறி நின்றாள். இருநூற்று இருபத்து நாலு பவுண்டு. பாமாவைக் கட்டிலில் விட்டுவிட்டு மறுபடி தனியாக ஏறினாள். நூற்று நாற்பது.

"சாப், என் வெயிட்ட வெளிய போய்ச் சொல்லிராதீங்க," என்றாள் ஃபாத்திமா. "வூட்டுக்காரர் சோத்தைக் கொறச்சிருவாரு."

எண்பத்து நாலு. சேஷகிரி மனத்துக்குள் கழித்துப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். பத்து மாதத்தில் இருபத்தெட்டு பவுண்டு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு, இது தன் கண்ணில் படவில்லையே என்று சுருக்கென்றது.

அடுத்து நடந்ததுதான் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

யூனிஸ் இரண்டு சிறிய ஸ்லேட்டுகளை எடுத்தாள். ஒன்றைத் தன்னோடு வந்திருந்த நர்ஸ் நோராவிடம் கொடுத்தாள். நோரா இருபத்து நாலு வயதுச் சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ-இந்தியப் பெண். வேறொரு ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து மாற்றலாகி வந்து சில வாரம்தான் ஆகியிருந்தது. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். டாக்டரின் உத்தரவு எட்டு ஸ்டோன் ஆளுக்குப் பத்து கிரெயின். ஆள் எண்பத்து நாலு பவுண்டு. குப்பியில் இரண்டு ஸி.ஸி.க்குப் பத்து கிரெயின் மருந்து. எவ்வளவு எடுக்க வேண்டும்? பலப்பம் கீறும் சத்தம் மட்டும் கேட்டது.

"திருப்பு," என்றாள் யூனிஸ்.

இரண்டு ஸ்லேட்டும் ஒரே சமயத்தில் திரும்பின. இரண்டிலும் ஏழரை கிரெயின், ஒன்றரை ஸி.ஸி.

சேஷகிரியின் மனக்கணக்கிலும் அதேதான் வந்திருந்தது. ஆனால் அவரை அசத்தியது விடை அல்ல, அந்த முதுகு. ஒருத்தி எழுதுவதை இன்னொருத்தி பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் தானாகவே அதைச் சரி என்று ஒப்புக்கொண்டுவிடும். தணிக்கை ஆபீசில் இதைப் புரியவைக்க அவர் எத்தனையோ பேரிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். இங்கே அது மூச்சு விடுவது போல நடந்தது.

சலைன் பாட்டில் நானூற்று எண்பது ஸி.ஸி. நாலு மணி நேரத்தில் இறங்க வேண்டும். அப்படியானால் நிமிஷத்துக்கு இரண்டு ஸி.ஸி. பாட்டிலிலிருந்து வரும் ரப்பர் குழாயின் நடுவே ஒரு கண்ணாடிக் குமிழ். அதற்குள் சலைன் சொட்டுச் சொட்டாக விழுவது வெளியே தெரியும். கீழே திருகுகிற கிளிப். திருகத் திருகச் சொட்டு குறையும். யூனிஸ் அளவு கிளாசை அடியில் பிடித்துப் பதினைந்து சொட்டு விட்டு, கோட்டைக் கண்மட்டத்துக்குத் தூக்கிக் காட்டினாள்.

"இந்தக் குமிழுக்குப் பதினைஞ்சு சொட்டு, ஒரு ஸி.ஸி. ரெண்டு ஸி.ஸி.க்கு முப்பது. நிமிஷத்துக்கு முப்பது சொட்டு."

குமிழின் கழுத்தில் ஒரு வெள்ளை நூல் கட்டியிருந்தது. அது எதற்கு என்று சேஷகிரி கேட்கவில்லை.

பாட்டிலின் மேல் நெடுக்காக ஒரு பிளாஸ்திரித் துண்டை ஒட்டி, அரை மணிக்கு ஒரு கோடு வீதம் பென்சிலால் இழுத்தாள். இரண்டு மணிக்கு ஊசி ஏறியது. இரண்டரைக்குத் தண்ணீர் இந்தக் கோட்டில் நிற்க வேண்டும், மூன்றுக்கு இதில், மூன்றரைக்கு இதில்.

"ஆம்பளைங்க இங்க தங்கக் கூடாது. கடைசி ரூம்ங்கிறதால விடறேன்," என்றாள் யூனிஸ். "நீங்க கணக்காபீஸ்னு டாக்டரம்மா சொன்னாங்க. சும்மா உக்காந்தா கவலை பிடுங்கும், சொட்டை எண்ணுங்க. பாக்கலாம், எண்ணலாம். கிளிப்பில மட்டும் விரல் படக் கூடாது. பட்டுச்சுன்னா உங்க கையில கட்டுப் போட்டுத்தான் அனுப்புவேன்."

அதற்குள் ஆபரேஷன் அறையிலிருந்து ஆள் வந்தது. ஒரு கஷ்டப் பிரசவம், வயிற்றைக் கீறி எடுக்க வேண்டியதாகிவிட்டது. டாக்டர் டோரதியும் யூனிஸும் அங்கே போனார்கள். நோராவும் சேஷகிரியும் முப்பது சொட்டும் மிச்சம்.

இரண்டரை ஆக ஐந்து நிமிஷம் இருக்கும்போது தண்ணீர் முதல் கோட்டைக் கச்சிதமாக நெருங்கிக்கொண்டிருந்தது. சேஷகிரி அதை ஒரு தரம் ரசித்து முடிப்பதற்குள் 'டிக்' என்று சின்னச் சத்தம் கேட்டது. எத்தனையோ தடவை வெந்நீரில் கொதித்து அலுத்துப்போன கண்ணாடிக் குமிழ் குறுக்கே விரிசல் விட்டுவிட்டது. சலைன் குழாய் வழியே வழிந்து படுக்கையை நனைத்தது.

நோரா பதறவில்லை. கிளிப்பை இறுக்கினாள். வராந்தாவில் கொதித்துக்கொண்டிருந்த பாத்திரத்திலிருந்து இடுக்கியால் வேறொரு குமிழை எடுத்து வந்து ஆற்றி மாட்டினாள். குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினாள். மார்பில் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டை முப்பதுக்குத் திருகி வைத்தாள். சேஷகிரியும் கூடவே எண்ணினார். முப்பதுதான். பிறகு அவளும் ஃபாத்திமாவுமாக நனைந்த விரிப்பை மாற்றினார்கள். இந்தக் கைவேகத்துக்கே சம்பளம் உயர்த்தலாம் என்று சேஷகிரி நினைத்தார்.

சிந்திப்போனதால் பாட்டிலில் தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. அது நியாயம்தான்.

மூன்று மணிக்குப் பார்த்தபோது இரண்டு விரற்கடை கீழே நின்றது. பாட்டில் சாய்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். சொட்டை எண்ணினார். முப்பது. மனம் அடங்கியது. எண்ணிக்கை கையில் இருக்கும்போது பாட்டிலை எதற்குப் பார்க்க வேண்டும்?

அப்புறம்தான் அந்த உதடு.

பாமாவின் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. கையைத் தொட்டார். சில்லென்று இருந்தது. நிமிர்ந்து பாட்டிலைப் பார்த்தார். மூன்றரைக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது, அதற்குள்ளேயே மூன்றரைக் கோட்டுக்குக் கிட்டத்தட்ட மூன்று விரற்கடை கீழே.

பதினெட்டு வருஷத்துச் சிவப்புப் பென்சில் அந்த நிமிஷத்தில் விழித்துக்கொண்டது. சிந்தியது ஒரே ஒரு தடவை. ஒரு தடவை நடந்த நஷ்டம் ஒரே அளவில்தான் நிற்க வேண்டும். அது எப்படி வளரும்? பற்றாக்குறை மாசா மாசம் வளர்ந்தால் எங்கேயோ இன்னும் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். படுக்கையைத் தடவினார். உலர்ந்திருந்தது. குழாயைத் தடவினார். உலர்ந்திருந்தது. வெளியே எங்கேயும் போகவில்லை என்றால் அத்தனையும் பாமாவுக்குள்தான் போயிருக்கிறது.

நோராவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினாள்.

"தர்ட்டி இருக்கே சார். கரெக்டாத்தான் போவுது."

"எண்ணிக்கை சரிம்மா. பாட்டில் சரியில்லையே. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்றது."

நோராவின் முகத்தில் குழப்பம். ஸ்லேட்டில் முப்பது என்று இருக்கிறது, குமிழிலும் முப்பது விழுகிறது, இதை மாற்றத் தனக்கு உத்தரவில்லை என்றாள். சேஷகிரியின் கை கிளிப்புக்கு ஓர் அங்குலம் தள்ளி நின்றது. மூடினால் மருந்து நின்றுபோகும், மருந்து நின்றால் ராத்திரி தாண்டாது என்று டாக்டர் சொன்னது காதில் ஒலித்தது. கையை இழுத்துக்கொண்டார்.

"ஃபாத்திமா, ஓடு. யூனிஸ் சிஸ்டர் எந்த வேலையில இருந்தாலும் இழுத்துண்டு வா. முப்பது சொட்டு விழறது, ஆனா பாட்டில் ஓடறதுன்னு சொல்லு. அது போறும்."

அது போதுமானதாகத்தான் இருந்தது. கையில் ரத்தம் உலராத உறையோடு வந்த யூனிஸ், வாசலில் நின்றபடியே பாட்டிலைப் பார்த்தாள். சொட்டை அவள் பார்க்கவே இல்லை. இரண்டே எட்டில் வந்து, உறையை உருவிப் போட்டுவிட்டுக் கிளிப்பை முழுக்க மூடினாள். எதையும் கேட்பதற்கு முன்னால் மூடினாள். அப்போது மணி மூன்றரை. அதற்குப் பிறகுதான் நாடியைப் பிடித்தாள்.

"நூல் மாதிரி ஓடுது. ஃபாத்திமா, கட்டில் கால்மாட்டுல செங்கல் வை."

குமிழின் கழுத்தை விரலால் தடவினாள். நூல் இல்லை. குழாயை ஊசியிலிருந்து பிரித்து, அளவு கிளாசைக் கீழே பிடித்துக் கிளிப்பைத் துளி திறந்தாள். எண்ணினாள். பத்தாவது சொட்டில் தண்ணீர் கோட்டைத் தொட்டது.

"பத்து," என்றாள் மெதுவாக.

சேஷகிரிக்கு அப்போதுதான் அந்த வெள்ளை நூல் ஞாபகத்துக்கு வந்தது. சீமையிலிருந்து கப்பல் வராத காலம். உடைந்த குமிழுக்குப் பதில் வாங்க வழியில்லாமல், ஊரிலேயே ஒரு கண்ணாடிப் பட்டறையில் ஊதி வாங்கியிருந்தார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஊர்க் குமிழுக்கு உள்வாய் கொஞ்சம் அகலம், சொட்டு பருமன். அதனால் யூனிஸ் ஒவ்வொரு குமிழையும் கொதிக்க வைத்து எடுத்ததும் அளந்து பார்ப்பாள். பதினைந்து சொட்டுக்காரனுக்கு வெள்ளை நூல், பத்து சொட்டுக்காரனுக்கு நீல நூல். நோரா எடுத்ததோ கொதிக்கிற பாத்திரத்திலிருந்து. அதற்கு இன்னும் எந்த நூலும் கட்டவில்லை.

முப்பது சொட்டு என்பது இரண்டு ஸி.ஸி. இல்லை. மூன்று.

நோரா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"அழுகையை சாயங்காலத்துக்கு வை, நானும் சேர்ந்து அழறேன்," என்றாள் யூனிஸ். குரலில் சூடு இல்லை. "எத்தனை மணிக்கு மாத்தினே?"

"க்வார்ட்டர் டு த்ரீ, சிஸ்டர்."

ஃபாத்திமா ஆபரேஷன் அறைக்கு இரண்டாம் தடவை ஓடி, டாக்டரின் பதிலோடு திரும்பினாள். தையல் போட்டுக்கொண்டிருக்கிறார், முடிந்ததும் வருகிறார், அதற்குள் எவ்வளவு அதிகமாகப் போயிற்று, எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்க வேண்டும் என்று கணக்குத் தயாராக இருக்க வேண்டும். அதிகமாகப் போனதை உடம்பு சமாளிக்கும் மட்டும் நிறுத்த வேண்டும். சீக்கிரம் திறந்தால் இதயம். அதிகம் தாமதித்தால் மூளை.

யூனிஸ் ஸ்லேட்டை எடுத்தாள். இரண்டாவது ஸ்லேட்டை எடுத்துக்கொண்டு ஒரு கணம் நின்றாள். குமிழை மாட்டியவளே அந்தக் கணக்கைப் போடக் கூடாது என்பது அவளுடைய வார்டில் சட்டம். ஃபாத்திமாவுக்கு எழுத்து வராது. டாக்டர் கையில் ஊசி நூல்.

ஸ்லேட் சேஷகிரியின் பக்கம் நீண்டது.

"நானா?" என்றார்.

"நீங்கதான். உங்க சம்சாரம்னு நினைக்காதீங்க. யாரோ ஒரு குமாஸ்தா எழுதின கணக்குன்னு நினைச்சுக்குங்க. தப்புக் கண்டுபிடிக்கத்தானே சம்பளம் வாங்கறீங்க? கண்டுபிடிங்க. எனக்கு முதுகைக் காட்டிட்டு நில்லுங்க."

கோடிக் கணக்கில் சர்க்கார் பணத்தைக் கூட்டிக் கழித்த கை, ஒரு பலப்பத்தைப் பிடிக்க முடியாமல் தவித்தது. எண்கள் வழுக்கிக்கொண்டு போயின. இரண்டா, மூன்றா? பத்தா, பதினைந்தா? பாமாவின் மூச்சு பின்னால் கேட்டது. குமாஸ்தா, குமாஸ்தா என்று சொல்லிக்கொண்டார். யாரோ ஒருவன் எழுதினது. அவன் எங்கே ஆரம்பித்தான்? எப்போது ஆரம்பித்தான்? மெதுவாக எண்கள் காலூன்றி நின்றன. எழுதினார்.

"திருப்புங்க."

திருப்பினார்கள்.

யூனிஸின் ஸ்லேட்டில் நாற்பத்தைந்து ஸி.ஸி. அதிகம், இருபத்திரண்டரை நிமிஷம் நிறுத்தம். சேஷகிரியின் ஸ்லேட்டில் அறுபது ஸி.ஸி. அதிகம், முப்பது நிமிஷம் நிறுத்தம்.

சேஷகிரி இரண்டு ஸ்லேட்டையும் மாறி மாறிப் பார்த்தார். தன் கைதான் பிசகிவிட்டது, சந்தேகமில்லை. ஸ்லேட்டைத் துடைக்கப் போனார்.

"துடைக்காதீங்க," என்றாள் யூனிஸ். "ஏன் அறுபது? சொல்லுங்க."

"நிமிஷத்துக்கு ஒரு ஸி.ஸி. அதிகம். ரெண்டரைலேர்ந்து மூணரை வரைக்கும் அறுபது நிமிஷம். அந்த அறுபது ஸி.ஸி. நிமிஷத்துக்கு ரெண்டு வீதம் போயிருந்தா முப்பது நிமிஷம் ஆயிருக்கும், அவ்வளவு நேரம் நிறுத்தணும்."

"நானும் அதேதான் போட்டிருக்கேன். ஆனா மாத்தினது ரெண்டே முக்காலுக்குன்னு நோரா சொன்னா."

"இல்லையே. திரும்ப முதல் சொட்டு விழறச்சே நான் கடிகாரத்தைப் பாத்தேன். அப்ப சரியா ரெண்டரை."

இரண்டு பேரும் நோராவைப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். குமிழை மாட்டியபோது அவள் பார்த்தது நொடி முள்ளை மட்டும்தான். விரிப்பை மாற்றி முடித்துக் கையைக் கழுவின பிறகுதான் மணி என்ன என்று பார்த்தாள். அந்த நேரத்தைத்தான் சொல்லியிருக்கிறாள்.

யூனிஸ் தன் ஸ்லேட்டை எச்சில் தொட்டுத் துடைக்கவில்லை, புடவைத் தலைப்பால் துடைத்தாள். அழுத்தித் துடைத்தாள். முகத்தில் சுணக்கம் இல்லை, வெட்கம் இல்லை, சால்ஜாப்பு இல்லை. முதலிலிருந்து மறுபடி போட்டாள். அறுபது. முப்பது நிமிஷம்.

"என் கணக்குத் தப்பு. உங்களது சரி," என்றாள். அவ்வளவுதான். அந்த ஐந்து வார்த்தையைச் சேஷகிரி தன் ஆபீசில் ஒருவர் வாயிலிருந்தும் கேட்டதில்லை. தன் வாயிலிருந்தும்தான்.

டாக்டர் டோரதி வந்தபோது மூன்றே முக்கால். முழங்கை வரை ஈரம். நாடியைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், இதயத்துக்கு ஓர் ஊசி போட்டார்.

"ரெண்டு ஸ்லேட்டும் ஒண்ணா?"

"முதல்ல வேற வேற, டாக்டர். இப்ப ஒண்ணு."

"அப்பாடா," என்றார் டாக்டர். "இந்தப் பதட்டத்துல முதல்லயே ஒண்ணா வந்திருந்தா, பாத்து எழுதினதோன்னு நான் பயந்திருப்பேன்." பிறகு அவரும் தனியாக ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, நாலு மணிக்குத் திறக்கலாம் என்றார்.

நாலு மணிக்கு இன்னும் பதினைந்து நிமிஷம் இருந்தது. மழை தகரக் கூரையில் கொட்டியது. யூனிஸ் பாமாவின் மணிக்கட்டிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. சேஷகிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாடி எப்படி இருக்கிறது என்று கேட்கத் தேவை இருக்கவில்லை, அவள் புருவத்திலேயே தெரிந்தது. அது இறுகி இருந்தது. இறுகியே இருந்தது. நாலு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மயிரிழை தளர்ந்தது. சேஷகிரி அதைப் பார்த்ததும் தன் நாற்காலியின் கையை இத்தனை நேரம் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று உணர்ந்தார்.

ஊர்க் குமிழ் இப்போது கழுத்தில் நீல நூலோடு நின்றது. நூலைக் கட்டியவள் நோராதான். யூனிஸ் அவள் கையிலேயே அளவு கிளாசைக் கொடுத்துப் பத்து சொட்டு எண்ணச் சொல்லியிருந்தாள்.

"இனிமே எவ்வளவு?"

"ட்வெண்டி, சிஸ்டர். பத்து சொட்டு ஒரு ஸி.ஸி., ரெண்டு ஸி.ஸி.க்கு இருபது."

"திருகு."

நோரா ஒரு கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டாள். சரியாகத் திருகினாள். நிமிஷத்துக்கு இருபது. பெரிய, சோம்பேறிச் சொட்டுகள். பிளாஸ்திரியை உரித்துவிட்டுப் புதிதாகக் கோடு இழுத்து ஒட்டினார்கள்.

விளக்கேற்றும் நேரத்துக்குப் பாமாவின் இமை அசைந்தது. பிறகு ஒரு தடவை திறந்து மூடியது. சேஷகிரி குனிந்து பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவள் எங்கேயோ தூரத்திலிருந்து பேசுவது போல உதட்டை அசைத்தாள்.

"காதுல... ஒரே ரீங்காரம். கும்முனு இரையறது."

சேஷகிரி பதறிப்போய் யூனிஸைப் பார்த்தார். அவளோ அன்றைக்கு முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தாள்.

"இரையட்டும் சார். அது கொயினா போடற சத்தம். போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேந்துட்டேன்னு சொல்லுது. அவங்க அதைக் கேக்கறாங்க பாருங்க, எங்களுக்கு அதுதான் வேணும்."

அடுத்த பாட்டில் மறுநாள் காலையில். யூனிஸ் இரண்டு ஸ்லேட்டுகளோடு உள்ளே வந்தாள். பின்னால் நோரா நின்றாள். அவள் கண் இன்னும் வீங்கியிருந்தது. யூனிஸ் சொன்னபடி சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து அழுதார்களா என்று சேஷகிரிக்குத் தெரியாது. ஆனால் நோராவை வார்டை விட்டு அனுப்பிவிடலாமா என்று கேட்ட மேட்ரனிடம், குமிழைக் கொதிக்க வைக்கிறபோதே கலந்து போட்டது என் ஏற்பாட்டில் இருந்த ஓட்டை, இனிமேல் வெவ்வேறு பாத்திரம் என்று யூனிஸ் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள் என்பதை ஃபாத்திமா வந்து ஒலிபரப்பியிருந்தாள்.

யூனிஸ் ஒரு ஸ்லேட்டைச் சேஷகிரியிடம் நீட்டினாள்.

"என்ன சார், கை பழகிருச்சு. நீங்களே போடறீங்களா?"

சேஷகிரி கட்டிலைப் பார்த்தார். பாமா தலையணையில் சாய்ந்து கஞ்சியை இரண்டு ஸ்பூன் விழுங்கிவிட்டு, மூன்றாவது வேண்டாம் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். கஞ்சிக் கிண்ணம் அவர் கையில் இருந்தது. எண்பத்து நாலு பவுண்டு.

"வேண்டாம் சிஸ்டர். நோரா போடட்டும். எனக்கு இங்க வேலை இருக்கு."

முதுகோடு முதுகாக இரண்டு பேரும் நின்றார்கள். பலப்பம் கீறியது. ஸ்லேட்டுகள் திரும்பின. சேஷகிரி திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டில் ஏறியது, சொட்டு விழத் தொடங்கியது. பாக்கெட் கடிகாரம் பாக்கெட்டிலேயே இருந்தது. அவர் மூன்றாவது ஸ்பூனை நீட்டினார்.